புது மனையும் இடத்தின் குறையும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்விரண்டினுள் கல்யாண விஷயத்தில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையுடையவர்கள் என்பதை இங்கே கூடியிருக்கும் யாவரும் அறிவீர்கள். வரன் ஒன்று வந்தால் குலம் விசாரிக்கிறோம், குணம் விசாரிக்கிறோம், பிள்ளை உத்தியோகம் பார்க்கும் இடத்திற்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறோம், அவன் குடியிருக்கும் தெருவில் மளிகைக் கடைக்காரரைக்கூட விடுவதில்லை. ஆனால் ஆயுட்காலச் சம்பாத்தியம் முழுதையும் ஒரு மனையில் கொட்டும்போது நாம் செய்வது என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விற்பவர் அனுப்பிய வண்டியில் ஏறிப்போய், அவர் அளித்த சிற்றுண்டியை அருந்தி, கொடிகள் நட்ட மைதானத்தை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, "இன்றே முன்பணம் கட்டினால் சதுர அடிக்கு இவ்வளவு குறைவு" என்ற வார்த்தையைக் கேட்டு, கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். இது நம் வழக்கமான ஜாக்கிரதைக்கு எவ்விதத்திலும் பொருந்துவதன்று.

இதனை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறுவோரும் சிறு வியாபாரிகளும் ஆவர். அவர்கள் கையில் பெருந்தொகை சேர்வது ஆயுளில் ஒருமுறைதான். அதாவது, ஓய்வுபெறும் நாளில் வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் வரும்போது. இளைஞர்களோ, வராத தொகையை வந்ததாகப் பாவித்து, இருபது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திடுகின்றனர். அத்தொகை தகாத இடத்தில் முடங்குமாயின், பெண்ணின் விவாகமும் பிள்ளையின் படிப்பும் முதியோரின் வைத்தியமும் அதனோடு முடங்கிவிடும். பத்திரத்தில் மோசம் இருந்தால் நியாயஸ்தலம் உண்டு. பத்திரமெல்லாம் ஒழுங்காக இருந்து, இடத்தில் மட்டும் குறையிருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஆதலின், பத்திரம் பார்க்கும் காரியத்தை வக்கீல்களுக்கு விட்டுவிட்டு, இடம் பார்க்கும் காரியத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நம்மவரில் பலரும் மனை தேடுவது சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களிலேயாதலால், உதாரணங்களையும் அங்கிருந்தே காட்டுவேன்.

முதலாவதாக ஒரு பேதத்தை மனத்தில் நிறுத்தல் வேண்டும். வீட்டின் குறை வேறு. இடத்தின் குறை வேறு. சுவரில் விரிசல் கண்டால் கொத்தனாரை அழைக்கலாம். சமையலறை சிறிதாயின் இடித்துக் கட்டலாம். காற்று வரவில்லையானால் ஒரு ஜன்னல் வைக்கலாம். ஆனால் வீடு நிற்கும் இடம் பள்ளமாயின் அதை எந்தக் கொத்தனாரும் மேடாக்க இயலாது. அண்டையில் குப்பைமேடு இருந்தால் அதை நம் செலவில் அகற்ற முடியாது. இப்படியிருக்க, நாம் மனை பார்க்கப் போனால் தளக்கல்லைத் தட்டிப் பார்க்கிறோம். குழாயைத் திருகிப் பார்க்கிறோம். மாற்றத்தக்கவற்றையெல்லாம் நுணுகி நோக்கிவிட்டு, மாற்ற முடியாததை மட்டும் நோக்காமல் வருகிறோம்.

ஆனால் குறையே இல்லாத இடம் ஒன்று எங்கேனும் உண்டு என்று தேடி அலைவதும் வீணே. அப்படி ஒன்று இருந்தாலும் அதன் விலை நமக்கு எட்டாது. ஆகவே "இவ்விடத்தில் குறை உண்டா?" என்பது சரியான கேள்வியன்று. "இக்குறை எவ்வகையைச் சேர்ந்தது?" என்பதே கேட்கத்தக்கது. அடியேன் அபிப்பிராயத்தில், இடத்தின் குறைகள் மூவகைப்படும். காலம் தீர்த்து வைக்கும் குறைகள் ஒருவகை. பணம் தீர்த்து வைக்கும் குறைகள் ஒருவகை. காலமும் பணமும் தீர்க்கமாட்டாத குறைகள் மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

முதல் வகையை நோக்குவோம். புதிதாகத் தோன்றும் நகர்களில் கடை இராது, பள்ளிக்கூடம் இராது, தெருவிளக்கு இராது, பஸ் வராது. இவை காலத்தால் தீரும். இன்று நெரிசலாக இருக்கும் குரோம்பேட்டையும் அண்ணா நகரும் ஒருகாலத்தில் அவ்வாறிருந்தவையே. இக்குறைகளுக்காக நல்ல மனையைத் தள்ளிவிடுதல் கூடாது. ஆனால் "காலம்" என்பது எத்தனை ஆண்டு என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பறக்கும் ரயில் 2007-ஆம் ஆண்டில் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரைப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அது கடக்கவில்லை. நிலம் எடுக்கும் வழக்குகளே தடையாய் நின்றன. கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் திறக்கப்பட்டது; அதற்கென்று அமைய வேண்டிய ரயில் நிலையமோ அதனோடு சேர்ந்து திறக்கப்படவில்லை. இடைப்பட்ட நாட்களில் மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களைக் கேட்டால் தெரியும். விற்பவர் "வரப்போகிறது" என்று சொல்லும் எதற்கும் இன்றே விலை கொடுத்தலாகாது. வந்தால் லாபம், வராவிட்டாலும் வாழ முடியுமா என்பதே கேள்வி. பத்தாண்டுகள் அது வராதென்று வைத்துக்கொண்டு, அப்பத்தாண்டுகளில் நம் குழந்தை எப்பள்ளிக்கு எவ்வழியாகப் போகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை பத்து வருஷம் காத்திருக்காதன்றோ?

இரண்டாம் வகை, பணத்தால் தீர்வன. இவற்றுள் தலையாயது தண்ணீர். பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல, ஆண்டுக்கணக்காக லாரித் தண்ணீரைக்கொண்டே காலந்தள்ளி வந்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகரத்து ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது நெடுநாளாக அறிந்த செய்தி. பல்லாவரம், பம்மல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டதும் அவ்வாறே. இவற்றிற்கெல்லாம் பணத்தால் ஒருவாறு பரிகாரம் உண்டு. உண்டென்றால், அப்பணத்தையும் வீட்டின் விலையோடு கூட்டிப் பார்ப்பதுதானே முறை?

அதற்கு ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். இரண்டு மனைகள் நம்முன் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றொன்றைவிடப் பத்து லட்ச ரூபாய் மலிவு; ஆனால் அங்கே தண்ணீர் இல்லை, தூரமும் அதிகம். பத்து லட்சத்தை நூற்றுக்கு எட்டரை வட்டியில் இருபது வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 8,700 ரூபாய் ஆகும். இனி, மலிவான மனையில் தண்ணீருக்கும் கூடுதல் பயணத்திற்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். நாலாயிரம், ஐயாயிரம் என்றால், மலிவான மனையே லாபம், தயங்காமல் வாங்கலாம். ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றால், அது மலிவுபோல் தோன்றும் விலையுயர்ந்த மனை. குறையை மாதச் செலவாகவும், விலை வித்தியாசத்தை மாதத் தவணையாகவும் மாற்றி, ஒரே தராசில் இட்டு நிறுத்தல் வேண்டும். இக்கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போடலாம். முன்பணம் கட்டுமுன் இதைப் போட்டுப் பார்ப்பவர் நூற்றில் ஒருவரேனும் உண்டா என்பது சந்தேகம்.

நிற்க. இனி மூன்றாம் வகைக்கு வருவோம். இதுவே என் பேச்சின் பிரதான விஷயம். காலமும் பணமும் தீர்க்கமாட்டாத குறைகளுள் முதன்மையானது, நீர் செல்லும் வழியில் வீடு நிற்பது.

நம் தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இறுதியில் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். நகரம் பெருகியபோது அவ்வேரிகளின்மேல் வீடுகள் எழுந்தன. இன்று நாம் துணிமணி வாங்கப் போகும் தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டானதுதான். வள்ளுவர் கோட்டம் நிற்குமிடம் நுங்கம்பாக்கத்து ஏரியின் பகுதி. முகப்பேரில் "ஏரித் திட்டம்" என்ற பெயரே இன்றும் விலாசத்தில் எழுதப்படுகிறது. பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் வரும் "தாங்கல்" என்பதும் நீர்நிலையைக் குறிக்கும் சொல்லே. ஊர்ப்பெயரைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது; ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்பதை அது காட்டும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாட் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றில் வெள்ளம் புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அவ்வீடுகளைக் கட்டியவர்கள் சோம்பேறிகளோ மூடர்களோ அல்லர்; நம்மைப்போல் சிக்கனமாகச் சேர்த்து, கோடையில் மனை பார்த்து, கடன் வாங்கிக் கட்டியவர்கள்தாம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறுபடியும் நீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை வருமென்று எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை முன்கூட்டியே மேம்பாலத்தின்மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டனர். அவர்கள் செய்தது விவேகமே. ஆனால் காரை மேம்பாலத்தில் ஏற்றலாம். படுக்கையில் கிடக்கும் தாயாரை எங்கே ஏற்றுவது?

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஏரிகளின் மிகைநீர் வந்து தங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு வடியும் இடம் அது. முற்காலத்தில் அதைக் கழுவெளி என்றனர். அதன் பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பையாலும் சாலைகளாலும் மறைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. இத்தகைய இடத்தை ஒட்டி மனை வாங்குவோர்க்கு அபாயம் இரண்டு. ஒன்று, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவது. மற்றொன்று, அந்நிலத்தைப் பாதுகாக்க வேண்டி நியாயஸ்தலங்களும் தீர்ப்பாயங்களும் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும்போது, பாதியில் நிற்கும் வீட்டிற்குத் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது.

"எங்கள் மனையை மூன்றடி உயர்த்தி மண் கொட்டியிருக்கிறோம்" என்று விற்பவர் சொல்வார். அதனால் நீர் போய்விடுவதில்லை. பக்கத்து மனைக்குப் போகிறது. நாளை பக்கத்து மனைக்காரர் நான்கடி உயர்த்துவார். சாலை போடுவோர் பழைய தாரின்மேல் புதிய தாரை ஊற்றி ஓரடி உயர்த்துவர். இப்போட்டியில் முதலில் கட்டியவரே முதலில் தோற்பவர். நகரத்தின் பழைய தெருக்களில் வாசலிலிருந்து படி இறங்கி வீட்டிற்குள் போகும் எத்தனை இல்லங்களைக் காண்கிறோம்! அவை கட்டப்பட்ட காலத்தில் அவ்வாசல்களுக்குப் படி ஏறிப் போனார்கள்.

மூன்றாம் வகையில் அடுத்தது காற்றும் ஓசையும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ள குப்பைமேடுகள் நகரம் முழுதின் கழிவையும் பல பத்தாண்டுகளாகத் தாங்கி வந்தவை. 2022 ஏப்ரல் மாத இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது; சுற்றிலும் இருந்தோர் ஜன்னலைத் திறக்க மாட்டாமல் தவித்தனர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பகுதியில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓட நேர்ந்தது. ஓசையைப் பற்றியும் சட்டம் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆனால் பொழிச்சலூரிலோ கவுல் பஜாரிலோ ஓடுபாதையின் அருகே வீடு வாங்கியவர் அச்சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விமானத்தை நிறுத்த முடியுமோ? 2022-இல் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையுமென்று அறிவிக்கப்பட்டது முதல், அதன் அண்மையையே பெருமையாகக் காட்டி மனைகள் விற்கப்படுகின்றன. விமான நிலையம் அருகில் இருப்பது நிலத்தின் விலைக்கு நல்லதாக இருக்கலாம். தூக்கத்திற்கு நல்லதா என்பதை வாங்குவோர் தனியே யோசிக்க வேண்டும். விற்பதற்காக வாங்குவோரின் கணக்கு ஒன்று, வாழ்வதற்காக வாங்குவோரின் கணக்கு மற்றொன்று.

இவ்விடத்தில் நம் மக்கள் பெரிதும் அஞ்சும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தெருக்குத்து, மூலைக்குறை, அருகில் மயானம் என்றால் நம்மில் பலர் அக்கணமே திரும்பிவிடுகின்றனர். அந்நம்பிக்கைகளை இங்கே பரிகசிக்க நான் வரவில்லை. மனம் ஒப்பாத இடத்தில் குடியிருப்பது சுகமன்று; அன்றியும், பிறரும் அஞ்சுவதால் அம்மனையை நாளை விற்கும்போது விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மயானத்தின் அண்டையில் இருப்பவர் வருஷத்தில் பல நாட்கள் நிம்மதியாகத் தூங்குகிறார். லாரிகள் ஓடும் புறவழிச் சாலையின் அண்டையில் இருப்பவருக்கு ஒருநாளும் அது இல்லை. வாசல் கிழக்கு நோக்கியிருக்கிறதா என்று திசைகாட்டி வைத்துப் பார்க்கும் நாம், அதே கவனத்தோடு மழைநீர் எத்திசையிலிருந்து எத்திசைக்கு ஓடுகிறது என்பதையும் பார்த்தால் போதும். முன்னோர் வகுத்த மனையடி சாஸ்திரமும் நிலத்தின் மேடு பள்ளத்தை விட்டுவிடவில்லை.

"அரசாங்கத்தின் அனுமதி பெற்ற மனை; வங்கியும் கடன் கொடுக்கிறது; பிறகென்ன சந்தேகம்?" என்று சிலர் கேட்பர். அனுமதி அவசியமே. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யலாகாதென்று 2016-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும், அதன்பின் 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்ததும், அதற்காக ஜனங்கள் பட்ட அலைச்சலும் நம் நினைவில் இருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களும் எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடங்களும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அப்பதிவு எண் இல்லாத விளம்பரத்தை ஏறிட்டும் பார்க்க வேண்டாம். ஆயினும் இவ்வனுமதிகள் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியல்ல என்பதை அறிதல் வேண்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பது, கடன் திரும்பாவிட்டால் சொத்தை விற்க முடியுமா என்பதை. திட்ட அனுமதி சொல்வது, சாலை இவ்வளவு அகலம், பூங்கா இவ்வளவு இடம் என்பதை. கார்த்திகை மாதத்தில் உங்கள் கூடத்தில் நீர் நிற்குமா என்பதற்கு இவ்விருவரும் ஜாமீன் கொடுக்கவில்லை.

அந்த ஜாமீனை நாமே தேடிக்கொள்ள வழிகள் உண்டு. ஒன்று, காகிதத்தில். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டோடு நின்றுவிடாமல், கிராமத்தின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் இணையதளத்திலேயே இவை கிடைக்கும். நம் சர்வே எண் மட்டுமன்றி, சுற்றிலுமுள்ள எண்கள் ஏரியா, வாய்க்காலா, ஓடையா, மேய்க்காலா என்று அதில் காணலாம். பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, நேரில் பார்க்கும்போது அங்கே வாய்க்கால் இல்லையானால், அது எங்கே போயிற்று என்று கேளுங்கள். இரண்டு, காலில். அவ்விடத்திற்குக் குறைந்தது நான்கு தடவை போக வேண்டும்: ஒருமுறை ஐப்பசி கார்த்திகை மழைக்கு மறுநாள், ஒருமுறை இரவு பத்து மணிக்கு, ஒருமுறை வேலைநாட் காலையில், அலுவலகத்திற்குப் போவதுபோலவே பஸ்ஸிலும் ரயிலிலும், ஒருமுறை வீட்டுப் பெண்மணிகளோடு, விற்பவரின் வண்டியில் அன்றி நம் செலவில். மூன்று, காதில். பக்கத்துத் தெருவில் பத்து வருஷம் குடியிருப்பவரையும், பால் ஊற்றுபவரையும், தேநீர்க் கடைக்காரரையும், ஏரிப் பாசனம் இருந்த காலத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்த முதியவர் எவரேனும் இருந்தால் அவரையும் கேட்க வேண்டும். பழைய வீடுகளின் மதிலில் நீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அந்தக் கறை யாரிடமும் தரகு வாங்குவதில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இடத்தின் குறையை அதிகமாக அனுபவிப்பவர் யார்? காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் ஆண்மகன் அன்று. பகல் முழுதும் அங்கே இருப்பவர்கள்: பெண்கள், முதியோர், குழந்தைகள். லாரித் தண்ணீர் வரும் நேரத்திற்குக் காத்திருப்பவர் இல்லத்தரசி. குப்பைப் புகையை மூச்சில் வாங்குபவர் பாட்டனார். விளக்கில்லாத தெருவில் டியூஷன் முடிந்து திரும்புவது பெண் குழந்தை. வேலைக்குப் போகும் பெண்களுக்கோ இரட்டைச் சுமை. ஆனால் மனை பார்க்கப் போவது பெரும்பாலும் ஆண்கள். கையெழுத்திடும் நாளன்றுதான் பெண்களுக்குச் செய்தி வருகிறது. ஒரு குறையைப் "பொறுத்துக்கொள்ளலாம்" என்று தீர்மானிக்கும் உரிமை, அதைப் பொறுக்கப்போகிறவருக்கே முதலில் உரியது. ஆகவே அவர்கள் ஒப்பாமல் முன்பணம் கட்டுதல் கூடாதென்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு நியதியாகக் கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். நம்மவர் ஒருவர் மனைப்பிரிவு போட்டிருக்கிறார் என்றால், நம்மவர் பத்துப் பேர் அங்கே வாங்கிவிடுகின்றனர். "உறவினர் அருகில் இருப்பர், விற்பவரும் நம்மவர், மோசம் செய்யமாட்டார்" என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தில் நன்மை இல்லாமலில்லை. ஆபத்து சமயத்தில் அண்டை வீட்டில் அறிந்தவர் இருப்பது பெரிய பலம். ஆனால் உறவு என்பது மனிதரைப் பற்றிய சாட்சி. நிலத்தைப் பற்றிய சாட்சி ஆகாது. விற்பவர் மிக யோக்கியராக இருக்கலாம். அவருக்கே அந்நிலத்தின் பழைய வாய்க்கால் தெரியாமல் இருக்கலாம். மழைநீர் ஜாதி விசாரித்து வீட்டிற்குள் நுழைவதில்லை. அன்றியும், உறவினரிடம் வாங்கும்போது நாம் கேள்வி கேட்கக் கூசுகிறோம். பின்னர்க் குறை வெளிப்பட்டால் பணத்தோடு உறவும் போய்விடுகிறது. ஆகவே அந்நியரிடம் கேட்கும் கேள்விகளையெல்லாம் உறவினரிடமும் கேட்பதே உறவைக் காக்கும் வழி. உண்மையான நம்மவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். நம் சங்கப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் வரும் மனைகளுக்கும் இது பொருந்தும். விளம்பரத்தை அச்சிடுவதால் சங்கம் அவ்விடத்திற்கு உத்தரவாதம் அளித்ததாகாது.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் குறையுள்ள இடத்தை வாங்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியன்று. வாடகை வீட்டில் வருஷத்திற்கொருமுறை மூட்டை கட்டும் குடும்பத்திற்கு, குறையுள்ள சொந்த வீடும் ஒரு பாக்கியமே. குறைவான வருமானம் உடையோர் குறையுள்ள இடத்தைத் தேடிப் போவது அவர்கள் குற்றமன்று. நான் வேண்டுவது மூன்று காரியங்கள். காலத்தால் தீரும் குறையாயின், அது தீரும்வரை வாழ வழியுண்டா என்று பார்த்து வாங்குக. பணத்தால் தீரும் குறையாயின், அப்பணத்தை விலையில் குறைத்துக் கேட்டு வாங்குக. குறையைக் கண்டறிந்து சொல்பவருக்கே பேரம் பேசும் பலம் உண்டு. இரண்டாலும் தீராத குறையாயின், எவ்வளவு மலிவானாலும் ஒதுங்குக. ஒதுங்க முடியாத நிலையில் இருப்போர், கீழ்த்தளத்தைத் தவிர்த்து மாடியில் வீடு பார்த்தல், அடித்தளத்தைச் சாலைக்கு மேல் நன்கு உயர்த்துதல், மின் இணைப்புப் பெட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைத்தல், வெள்ளத்தையும் உட்கொண்ட இன்ஷூரன்ஸ் எடுத்தல் ஆகியவற்றையேனும் செய்துகொள்ள வேண்டும். நம்மிடமிருந்து நாளை வாங்கப்போகிறவரும் இக்குறையை நோக்குவார் என்பதை மறத்தலாகாது. நாம் கண்மூடி வாங்கினாலும் அவர் கண்மூடி வாங்கமாட்டார்.

கடைசியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் அங்கத்தினர்கள் சென்னையின் எல்லாப் புறநகர்களிலும் பரவி வசிக்கின்றனர். எத்தெருவில் எவ்வருஷம் எவ்வளவு நீர் நின்றது, எங்கே கிணற்று நீர் உப்பு, எங்கே பஸ் வந்து எங்கே நின்றுபோயிற்று என்பதெல்லாம் அவர்கள் அனுபவத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவர் அனுபவம் மற்றொருவருக்கு எட்டுவதில்லை. ஆகையால் சங்கக் காரியாலயத்தில் ஊர்வாரியாக ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பற்றி உள்ளது உள்ளபடி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். தம் வீட்டின் மதிப்புக் குறைந்துவிடுமே என்று எண்ணிச் சிலர் மறைக்க நினைக்கக்கூடும். அவர்கள், அதே தெருவில் நாளை வீடு வாங்கப்போவது தம் தங்கையின் மகனாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விவாக காலத்தில் வரனைப் பற்றி உண்மை சொல்வது எவ்வளவு தர்மமோ, மனையைப் பற்றி உண்மை சொல்வதும் அவ்வளவு தர்மமே. இக்குறிப்பேட்டை இவ்வருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே தொடங்கினால், மழை ஓய்ந்தபின் மனை தேடும் நம் இளைஞர்களுக்குப் பேருபகாரமாக இருக்கும். இதனை நிர்வாகக் கமிட்டியார் ஆலோசித்து ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.